நொச்சி வலியைக் குறைக்குமா? ஒரு மூலிகையைச் சோதித்துப் பார்க்கும் விதம்

மூட்டு வலி என்றால் நொச்சித் தழையை விளக்கெண்ணெய் விட்டு வதக்கி, துணியில் முடிந்து, பொறுக்கிற சூட்டில் ஒத்தடம் கொடுப்பார்கள். சளி கட்டித் தலை பாரமாக இருந்தால் அதே தழையைக் கொதிக்கும் நீரில் போட்டு வேது பிடிப்பார்கள். ஆற்றங்கரையிலும் வேலியோரத்திலும் தானாக வளரும் இந்தச் செடிக்குத் தாவரவியலில் வைட்டெக்ஸ் நெகுண்டோ என்று பெயர். ஆயுர்வேதக்காரர்கள் நிர்குண்டி என்பார்கள்.

நொச்சியைப் பற்றி இணையத்தில் தேடினால், 'வலியையும் வீக்கத்தையும் குறைப்பது ஆய்வில் நிரூபிக்கப்பட்டுள்ளது' என்ற வரி உடனே கண்ணில் படும். அந்த வரி பொய்யில்லை. ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்ய முடியாது. எந்த நொச்சி? அதை எதில் ஊறவைத்தார்கள்? யாருக்குக் கொடுத்தார்கள்? எந்த வலிக்கு? எதோடு ஒப்பிட்டார்கள்? ஒவ்வொரு சோதனையும் ஒரு சின்னக் கேள்விக்கு மட்டுமே பதில் சொல்கிறது. அந்தக் கேள்வி எது என்று கேட்கத் தெரிந்துவிட்டால், மூலிகை பற்றிய செய்திகளை யார் உதவியும் இல்லாமல் நாமே எடைபோடலாம். நொச்சியை முன்னால் வைத்துக்கொண்டே அதைப் பார்ப்போம்.

வலி வேறு, அழற்சி வேறு

கால் பிசகினால் அந்த இடம் சிவக்கும், சுடும், வீங்கும், வலிக்கும். இந்த நான்கு குறிகளையும் ரோம் நாட்டு செல்சஸ் கி.பி. முதல் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தார். அழற்சி என்பது இதுதான். அடிபட்ட இடத்துக்கு உடம்பு தானாகவே அனுப்பும் உதவி அது. இரத்தக் குழாய்கள் விரிகின்றன, நீர் கசிந்து திசுக்களில் சேர்கிறது, வெள்ளை அணுக்கள் வந்து குவிகின்றன.

உள்ளே நடப்பது ஒரு வேதிச் சங்கிலி. அடிபட்ட செல்லின் மேலுறையிலிருந்து அராக்கிடோனிக் அமிலம் என்ற கொழுப்பு வெளிப்படுகிறது. காக்ஸ் என்ற நொதி அதைப் பிடித்து, சில படிகளில் புராஸ்டாகிளாண்டின் என்ற பொருளாக மாற்ற வழி செய்கிறது. புராஸ்டாகிளாண்டின் குழாய்களை விரிக்கிறது. கூடவே நரம்பு நுனிகளை உசுப்பிவிடுகிறது. சாதாரணமாகத் தொட்டாலே வலிப்பது அதனால்தான். ஆஸ்பிரின் இந்தப் புராஸ்டாகிளாண்டின் உற்பத்தியைத் தடுக்கிறது என்று பிரிட்டனில் ஜான் வேன் 1971-ல் காட்டினார். 1982-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இப்யூபுரோஃபென், டைக்ளோஃபெனாக் என்று நாம் மருந்துக்கடையில் வாங்கும் மாத்திரைகள் எல்லாம் இதே வழியில்தான் வேலை செய்கின்றன.

ஆஸ்பிரினின் கதையும் ஒரு மரப்பட்டையில் தொடங்கியதுதான். இங்கிலாந்தில் எட்வர்டு ஸ்டோன் என்ற பாதிரியார் வில்லோ மரப்பட்டையை உலர்த்திப் பொடித்து, குளிர்க்காய்ச்சல் கண்டவர்களுக்குக் கொடுத்துப் பார்த்து, 1763-ல் ராயல் சொசைட்டிக்குக் கடிதம் எழுதினார். பட்டையிலிருந்து சாலிசின் என்ற பொருளை 1828-ல் பிரித்தெடுத்தார்கள். 1897-ல் ஜெர்மனியின் பேயர் நிறுவனத்தில் ஆஸ்பிரின் தயாரானது. அது ஏன் வேலை செய்கிறது என்று தெரிய இன்னும் எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. ஒரு மருந்து எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமலேயே, அது வேலை செய்கிறது என்று உறுதி செய்ய முடியும். ஆகவே, 'எப்படி என்று உங்களுக்கே தெரியாதே' என்று சொல்லி நாட்டு மருந்தைத் தள்ளிவிடுவது சரியான வாதம் இல்லை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். அழற்சி இல்லாத வலிகள் உண்டு. சர்க்கரை நோயாளியின் காலில் எரிச்சலாக வரும் நரம்பு வலி அப்படிப்பட்டது. வீக்கத்தைப் பெரிதாகத் தொடாமல் வலியை மட்டும் அடக்கும் மருந்தும் உண்டு, மார்ஃபின் போல. அதனால்தான் ஆய்வகத்தில் வலிக்குத் தனிச் சோதனை, வீக்கத்துக்குத் தனிச் சோதனை.

முதலில், இது எந்தச் செடி?

எலியைத் தொடுவதற்கு முன்பே பல ஆய்வுகள் தோற்றுவிடும் இடம் இது. நீர்நொச்சி என்று ஒன்று இருக்கிறது. அது நொச்சியின் உறவுதான், ஆனால் வேறு இனம். கருநொச்சி என்று பல ஊர்களில் காட்டப்படும் ஜஸ்டிசியா ஜெண்டரூசா நொச்சியின் குடும்பமே இல்லை, ஆடாதோடையின் குடும்பம். சந்தையில் உலர்ந்த இலையாக வாங்கும்போது இவை கலந்திருந்தால் கண்ணால் பிரிப்பது கடினம்.

இதனால் என்ன ஆகிவிடப்போகிறது என்று கேட்பவர்களுக்குப் பெல்ஜியத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். 1990-களின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸில் உடல் இளைக்கச் சிகிச்சை எடுத்துக்கொண்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் பழுதானது. அவர்கள் சாப்பிட்ட மாத்திரையில் ஸ்டெஃபானியா டெட்ராண்ட்ரா என்ற சீன மூலிகை இருந்திருக்க வேண்டும். சீன மருத்துவத்தில் அது மூட்டு வலிக்கும் வீக்கத்துக்கும் கொடுப்பது. இரண்டு செடிகளுக்கும் சீனத்தில் ஒன்றுபோன்ற பெயர் இருந்ததால், அதன் இடத்தில் அரிஸ்டோலோக்கியா இனச் செடி ஒன்று வந்து சேர்ந்துவிட்டது. அதிலுள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோயையும் உண்டாக்கும். மருத்துவ இதழில் இது 1993-ல் வெளியானது. நம் ஊர் ஆடுதின்னாப்பாளையும் இதே அரிஸ்டோலோக்கியா இனம்தான் என்பதை நாட்டு மருந்து சாப்பிடுபவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆகவே ஒழுங்கான ஆய்வில், பறித்த செடியின் ஒரு கிளையைப் பூவோடு அழுத்தி உலர்த்தி, தாளில் ஒட்டி, பறித்த இடமும் நாளும் எழுதி, எண் கொடுத்து உலர்தாவரக் கூடத்தில் வைப்பார்கள். கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தெற்கு மண்டல மையம் இருக்கிறது. திருச்சி தூய வளனார் கல்லூரியில் ராபினாட் உலர்தாவரக் கூடம் இருக்கிறது. இப்படிப்பட்ட இடங்களில் செடியை உறுதிப்படுத்திச் சான்று தருவார்கள். ஒரு கட்டுரையில் அந்த எண் இல்லையென்றால், நாளைக்கு யாருக்காவது சந்தேகம் வந்தால் எந்தச் செடியில் ஆய்வு நடந்தது என்று திரும்பிப் பார்க்க வழியே இல்லை.

சாறு எடுப்பதிலேயே மருந்து மாறிவிடும்

இலையை நிழலில் உலர்த்திப் பொடிப்பார்கள். பிறகு ஒரு கரைப்பானில் ஊறவைத்தோ சூடாக்கியோ சத்தை இறக்குவார்கள். தண்ணீரில் இறங்கும் பொருள்கள் வேறு, ஆல்கஹாலில் இறங்குபவை வேறு. ஹெக்சேனில் எண்ணெய்த்தன்மை உள்ளவை மட்டுமே வரும். நொச்சியின் மணத்துக்குக் காரணமான எளிதில் ஆவியாகும் எண்ணெய், நிழலில் காய்ந்து, பிறகு கரைப்பானை ஆவியாக்கும்போது பெரும்பகுதி போய்விடும். வேது பிடிக்கும்போது நாம் சுவாசிப்பதோ அந்த எண்ணெயைத்தான்!

அதனால் 'எத்தனால் சாறு' என்று கட்டுரையில் எழுதியிருந்தால், அதன் முடிவு எத்தனால் சாறுக்கு மட்டுமே பொருந்தும். கஷாயத்துக்கும் ஒத்தடத்துக்கும் அதை அப்படியே தூக்கிக்கொண்டு வர முடியாது. மரபில் எப்படிப் பயன்படுகிறதோ அதே வடிவில் சோதிக்கும் ஆய்வுகளை நான் அதிகம் மதிக்கிறேன். அவை குறைவு. ஆல்கஹாலில் பல பொருள்கள் நன்றாக இறங்கும், சாறும் எளிதில் கெடாது என்பதால் ஆய்வகங்கள் அதையே விரும்புகின்றன.

கல்லூரி ஆய்வேடுகளில் இந்தக் கட்டத்தோடு ஒரு சோதனைக்குழாய்ச் சோதனையும் வந்துவிடும். முட்டை வெள்ளைக்கருவைச் சூடாக்கினால் கட்டிபடும். சாறு சேர்த்தால் கட்டிபடுவது குறைகிறதா என்று பார்ப்பார்கள். செலவு குறைவு, விலங்கு தேவையில்லை, மாணவர்கள் கற்றுக்கொள்ள நல்லது. ஆனால் துவர்ப்பான பாலிஃபீனால்கள் உள்ள எந்த இலையும் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும் என்பதால், இதில் தேறுவதை வைத்து 'அழற்சியைக் குறைக்கும்' என்று தலைப்பிடுவது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

எலியின் பாதத்தில் என்ன பார்க்கிறார்கள்

அழற்சிச் சோதனைகளில் மிகவும் பெயர்பெற்றது காராஜீனன் சோதனை. 1962-ல் வின்டரும் உடன் உழைத்தவர்களும் வகுத்துக் கொடுத்தது. காராஜீனன் என்பது சிவப்புக் கடற்பாசியிலிருந்து எடுக்கும் பசைப் பொருள். ராமநாதபுரம் கடலோரத்தில் மிதவை கட்டி வளர்க்கிறார்களே கப்பாபைகஸ், அதிலிருந்தும் காராஜீனன்தான் எடுக்கிறார்கள். அது உணவுப் பொருள்களைக் கெட்டியாக்கப் போகிறது. ஆய்வகத்தில் வீக்கம் உண்டாக்கப் பெரும்பாலும் பயன்படுவது லாம்டா என்ற இன்னொரு வகை.

வெள்ளெலிகளைக் குழுக்களாகப் பிரிக்கிறார்கள். வழக்கமாகக் குழுவுக்கு ஆறு. ஒரு குழுவுக்கு வெறும் உப்புநீர். ஒரு குழுவுக்கு ஏற்கெனவே நிரூபணமான அழற்சி மருந்து, அதாவது இண்டோமெத்தசின் அல்லது டைக்ளோஃபெனாக். மற்றக் குழுக்களுக்கு மூலிகைச் சாறு, வெவ்வேறு அளவுகளில். சிறிது நேரம் கழித்து ஒவ்வொரு எலியின் பின்னங்காலிலும் பாதத்துக்கு அடியில் 1 சதவீதக் காராஜீனன் கரைசலை 0.1 மில்லி ஊசியில் ஏற்றுகிறார்கள். பாதம் வீங்கத் தொடங்கும். மணிக்கு ஒரு முறை பாதத்தைக் கணுக்கால் குறி வரை நீர் நிரம்பிய குழாயில் அமிழ்த்தி, எவ்வளவு நீர் விலகுகிறது என்று அளப்பார்கள்.

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். மூன்றாம் மணியில் உப்புநீர்க் குழுவின் பாதம் சராசரியாக 0.80 மில்லி பெருத்திருக்கிறது, சாறு குடித்த குழுவின் பாதம் 0.48 மில்லி பெருத்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் 0.32. அதை 0.80-ஆல் வகுத்தால் 40 சதவீதம். கட்டுரைகளில் வரும் '40 சதவீதத் தடுப்பு' இப்படி வருவதுதான். '40 சதவீத நோயாளிகளுக்குக் குணமானது' என்று அதைப் படித்துவிடக் கூடாது. செய்தித்தாள்களில் அப்படி ஆகிவிடுவதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

இந்தச் சோதனையின் அழகு, நேரம் பிரித்துக் காட்டுவதில் இருக்கிறது. முதல் ஒன்றரை மணி நேர வீக்கத்துக்கு முக்கியக் காரணம், உடம்பே வெளிவிடும் ஹிஸ்டமின், செரட்டோனின் என்ற வேதிப்பொருள்கள். பிறகு பிராடிகைனின் என்ற இன்னொன்று. இரண்டரை மணி நேரத்துக்குப் பின் வருவது பெரும்பாலும் புராஸ்டாகிளாண்டினின் வேலை. ஆகவே ஒரு சாறு பின்பகுதி வீக்கத்தைக் குறைத்தால், அது ஆஸ்பிரின் வழியில் போகிறதோ என்று ஊகிக்கலாம். முன்பகுதியைக் குறைத்தால் ஹிஸ்டமின் பக்கம் பார்க்க வேண்டும்.

நொச்சியில் இலங்கை ஆய்வாளர்கள் 2003-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதற்கு நல்ல உதாரணம். முற்றிய பச்சை இலையைத் தண்ணீரில் எடுத்த சாறு, வெள்ளெலிகளுக்கு வாய்வழியாக. மரபுக்கு நெருக்கமான வடிவம் என்பதால் எனக்கு அது பிடிக்கும். இரண்டாம் மணி அளவில், அதாவது முன்பகுதியில், வீக்கம் நன்றாகக் குறைந்தது. ஹிஸ்டமினை எதிர்க்கும் தன்மையையும் அவர்கள் தனியாகச் சோதித்து, இருப்பதாகக் கண்டார்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன. ஆனால் ஒரு விஷயம் உறுத்தும். முன்பகுதி வீக்கத்தில் குறைந்த அளவு சாறே அதிகப் பலன் தந்தது. மருந்து என்றால் அளவு கூடக் கூடப் பலனும் கூட வேண்டும் என்றுதான் எதிர்பார்ப்போம். பல பொருள்கள் கலந்த சாற்றில் ஒன்று வீக்கத்தைக் குறைக்க, இன்னொன்று கூட்டலாம். அளவு ஏறும்போது இரண்டாவதின் கை ஓங்கலாம். அவர்கள் இதை மறைக்காமல் எழுதியது நல்ல அறிவியல்.

வலியை எலியிடம் எப்படிக் கேட்பது

எலி பேசாது. அது என்ன செய்கிறது என்று பார்த்துத்தான் வலியைக் கணக்கிட வேண்டும். சுண்டெலியின் வயிற்றுக்குள் நீர்த்த அசெட்டிக் அமிலத்தை ஊசியில் ஏற்றினால், அது உடம்பை முறுக்கி நீட்டும். இருபது நிமிடத்தில் எத்தனை முறை முறுக்குகிறது என்று எண்ணுவார்கள். மருந்து வேலை செய்தால் எண்ணிக்கை குறையும். எளிய சோதனை, ஆனால் ஏமாற்றும். தூக்கம் வரவழைக்கும் பொருளைக் கொடுத்தாலும் எண்ணிக்கை குறைந்துவிடும். எலிக்கு வலி தீர்ந்ததா, மயக்கத்தில் கிடக்கிறதா? அதைத் தெரிந்துகொள்ள, சுழலும் தண்டின் மேல் எலியை நிற்கவைத்து, விழாமல் நடக்கிறதா என்று பார்ப்பார்கள். அந்தச் சோதனையைச் செய்யாத கட்டுரையின் வலி முடிவை நான் பாதிதான் நம்புவேன்.

சூடான தட்டுச் சோதனை இன்னொரு வகை. ஏறத்தாழ 55 பாகை சூட்டில் உள்ள தட்டில் எலியை விட்டால், சில நொடிகளில் பாதத்தை நக்கும் அல்லது குதிக்கும். மருந்து கொடுத்த பின் அது எவ்வளவு தாமதமாகிறது என்று பார்ப்பார்கள். பாதம் வெந்துவிடாதபடி, குறித்த நொடிகள் ஆனதும் எலியை எடுத்துவிட வேண்டும். மூளை, தண்டுவடம் வழியாக வேலை செய்யும் மார்ஃபின் போன்றவை இதில் நன்றாகத் தெரியும். ஆஸ்பிரின் வகைக்குப் பெரிதாகப் பலன் தெரியாது.

எனக்கு மிகவும் பயனுள்ளதாகத் தோன்றுவது ஃபார்மலின் சோதனை. 1977-ல் துபுய்சனும் டென்னிஸும் வகுத்தது. பாதத்தில் நீர்த்த ஃபார்மலினை ஏற்றினால் வலி இரண்டு அலைகளாக வரும். முதல் ஐந்து நிமிட வலி, நரம்பு நேரடியாகத் தூண்டப்படுவதால். சற்று அடங்கி, கால் மணி நேரத்துக்குப் பின் மீண்டும் வருவது அழற்சியால். மார்ஃபின் இரண்டு அலைகளையும் அடக்கும். ஆஸ்பிரின் வகை பெரும்பாலும் இரண்டாவதை மட்டும். ஒரே எலியில், ஒரே அமர்வில், சாறு எந்தப் பக்கம் நிற்கிறது என்று தெரிந்துவிடுகிறது.

இவ்வளவும் சில மணி நேரத்துக்குள் முடியும் சோதனைகள். பாட்டியின் முழங்கால் வலியோ பத்து ஆண்டு பழையது. அதற்கு நெருக்கமாக வர, உடம்பின் எதிர்ப்பு சக்தியைக் கடுமையாகத் தூண்டும் ஃபிராய்ண்ட் துணைப்பொருள் என்ற கலவையைச் செலுத்தி எலிக்கு மூட்டழற்சியையே உண்டாக்கி, மூன்று நான்கு வாரம் மருந்து கொடுத்துப் பார்ப்பார்கள். எலிக்கு அது கொடிய வேதனை. இந்தியாவில் நிறுவன விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் இவற்றில் எதையும் செய்யக் கூடாது. எத்தனை எலி, ஏன் அத்தனை, வேறு வழி இல்லையா என்ற கேள்விகளுக்குப் பதில் எழுதிக் கொடுக்க வேண்டும். ஏற்கெனவே பலர் செய்து பார்த்த அதே இலையில், அதே காராஜீனன் சோதனையைப் பட்டத்துக்காக மறுபடி செய்வது அந்த எலிகளுக்குச் செய்யும் அநியாயம் என்றே நினைக்கிறேன்.

எண்கள் எங்கே வழுக்கும்

கட்டுரைகளில் 'பி மதிப்பு 0.05-க்குக் கீழ்' என்று வரும். சாறுக்கு எந்தப் பலனும் இல்லையென்று வைத்துக்கொண்டாலும், வெறும் தற்செயலாக இவ்வளவு வித்தியாசம் வருவதற்கான வாய்ப்பு நூற்றில் ஐந்துக்கும் குறைவு என்பது அதன் பொருள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நான்கு அளவுகளில் சாறு கொடுத்து, ஐந்து மணி நேரம் மணிக்கு ஒரு முறை அளந்தால் இருபது ஒப்பீடுகள் ஆகின்றன. இருபதில் ஒன்று தற்செயலாகவே தேறிவிடலாம். அந்த ஒன்றை மட்டும் சுருக்கத்தில் எழுதினால் சாறு வெற்றி பெற்றதுபோல் தெரியும்.

இன்னொரு வழுக்கல், அளப்பவரின் கையில். எந்த எலி எந்தக் குழு என்று தெரிந்தவரே பாதத்தை நீரில் அமிழ்த்தினால், அறியாமலேயே அரை மில்லிமீட்டர் மேலே கீழே போய்விடும். குழு தெரியாதவர் அளந்தார் என்று கட்டுரையில் எழுதியிருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

அடுத்தது அளவு. எலிக்குக் கிலோவுக்கு 400 மில்லிகிராம் என்று படித்துவிட்டு, அறுபது கிலோ மனிதருக்கு 24 கிராம் என்று பெருக்கக் கூடாது. சின்ன உயிர்களின் உடம்பு மருந்தை வேகமாக எரித்துத் தள்ளும். உடல் பரப்பைக் கணக்கில் கொண்டு, வெள்ளெலியின் அளவை 6.2-ஆல் வகுக்கச் சொல்கிறது அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் வழிகாட்டி. சுண்டெலி என்றால் 12.3. அப்படி வகுத்தால் 400 என்பது கிலோவுக்குச் சுமார் 64.5 ஆகிறது. அறுபது கிலோவுக்கு ஏறக்குறைய 3.9 கிராம் சாறு. நூறு கிராம் உலர்ந்த இலையில் பத்து கிராம் சாறு கிடைப்பதாக வைத்தால், 39 கிராம் உலர்ந்த இலை. பச்சை இலையாக எடுத்தால் அதைப் போலச் சில மடங்கு. தினமும்! அந்த அளவில் யாரும் நொச்சியைச் சாப்பிடுவதில்லை. எலியில் தெரிந்த பலன் உண்மையாகவே இருந்தாலும், நாம் குடிக்கும் ஒரு டம்ளர் கஷாயத்தில் அது வருமா என்பது தனிக் கேள்வி.

மஞ்சளின் கதையும் இதை ஒட்டியதுதான். அதில் உள்ள குர்குமின் என்ற பொருள் சோதனைக்குழாயில் அழற்சிப் பொருள்களை அழகாக அடக்குகிறது. வாய்வழியாகச் சாப்பிட்டால் இரத்தத்தில் சேர்வது மிகமிகக் குறைவு. மிளகில் உள்ள பைப்பரினோடு கொடுத்தால் மனிதர்களின் இரத்தத்தில் அதன் அளவு பல மடங்கு கூடியதாகப் பெங்களூருவில் நடந்த ஆய்வு 1998-ல் காட்டியது. இரத்தத்தில் கூடுவதும் முழங்கால் வலி குறைவதும் ஒன்றல்ல என்பதால் அதற்கும் தனியே சோதனை வேண்டும்.

'கிலோவுக்கு 2000 மில்லிகிராம் வரை பாதுகாப்பானது'

இந்த வரியை மூலிகைக் கட்டுரைகளில் அடிக்கடி பார்க்கலாம். பெரும்பாலும் இது ஓ.இ.சி.டி. 423 என்ற சர்வதேச வழிகாட்டியின்படி செய்த சோதனை. ஒரு படிக்கு மூன்று விலங்குகள். ஒரே ஒரு முறை மருந்து கொடுத்து, 14 நாள் பார்ப்பார்கள். எதுவும் சாகவில்லையென்றால் மேற்சொன்ன வரியை எழுதுவார்கள். ஒரே தடவை கொடுத்தால் உடனே கொல்லாது என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. மூட்டு வலிக்காரர் மாதக்கணக்கில் சாப்பிடுவாரே, அதற்கு 28 நாள், 90 நாள் என்று தொடர்ந்து கொடுத்து, ஈரலையும் சிறுநீரகத்தையும் இரைப்பையையும் வெட்டிப் பார்க்கும் சோதனைகள் தனியாக உண்டு. அரிஸ்டோலோக்கிக் அமிலத்தின் கேடு மெதுவாக வருவது. 14 நாள் சோதனையில் தேறுவதால் அப்படிப்பட்ட கேடு இல்லை என்று ஆகிவிடாது.

மாத்திரையே ஆனாலும் இதே கதைதான். காக்ஸை அடக்கும் மருந்துகள் இரைப்பையில் புண் உண்டாக்கும், சிறுநீரகத்தைப் பாதிக்கும். ரோஃபெகாக்ஸிப் என்ற மூட்டு வலி மருந்தை, மாரடைப்பு அபாயம் கூடுகிறது என்று தெரிந்து 2004-ல் உலகச் சந்தையிலிருந்தே எடுத்தார்கள். ஒரு மூலிகை உண்மையிலேயே அதே வழியில் வேலை செய்தால், அதே தொல்லைகளையும் அதனிடம் தேடிப் பார்க்கத்தான் வேண்டும்.

மனிதரிடம் வரும்போது

முழங்கால் வலி ஏறி இறங்கும். மிகவும் வலிக்கும் நாளில்தான் வைத்தியரைத் தேடிப் போவோம். அதற்குப் பிறகு எதைச் செய்தாலும், எதுவும் செய்யாவிட்டாலும், சில நாளில் ஓரளவு குறையும். குறைந்த பெருமை அன்று கொடுத்த மருந்துக்குப் போய்விடும். இதற்கு மேல், கவனிப்பும் நம்பிக்கையும் தரும் ஆறுதலும் உண்டு. அதுவும் உண்மையான ஆறுதல்தான், ஆனால் இலைக்குள் இருப்பது அல்ல.

இவற்றைப் பிரித்தெடுக்க ஒரே வழி, ஒப்பிடக் கூடிய இன்னொரு குழு. சீட்டுக் குலுக்குவதுபோல் நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மருந்து, மற்றதற்கு அதேபோல் தோன்றும் வெறும் பொருள். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியக் கூடாது, அளப்பவருக்கும் தெரியக் கூடாது. வலியை 100 மில்லிமீட்டர் கோட்டில் குறிக்கச் சொல்வார்கள், ஒரு முனை வலியே இல்லை, மறுமுனை தாங்க முடியாத வலி. இந்தியாவில் இப்படிச் சோதனை நடத்துபவர்கள் மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் முதலிலேயே பதிய வேண்டும். எதை அளக்கப்போகிறோம் என்று முன்கூட்டி எழுதிவைத்துவிட்டால், பிறகு தேறியதை மட்டும் பொறுக்கிச் சொல்ல முடியாது.

செடியிலிருந்து வந்து, தோலின் மேல் போடும் வலி மருந்தாக இவ்வளவு தூரமும் கடந்து வந்த ஒன்று உண்டு. மிளகாய். அதன் காரப்பொருளான கேப்சைசின் எந்த நரம்பு வாயிலைத் திறக்கிறது என்று அமெரிக்க விஞ்ஞானி டேவிட் ஜூலியஸின் குழு 1997-ல் கண்டுபிடித்தது. 2021-ல் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். 8 சதவீதக் கேப்சைசின் ஒட்டுப்பட்டை, அக்கி ஆறிய பிறகும் நீடிக்கும் நரம்பு வலிக்கு அமெரிக்காவில் 2009-ல் அனுமதி பெற்றது. அந்த வாயில் காரத்துக்கு மட்டும் திறப்பதில்லை, ஏறத்தாழ 43 பாகைக்கு மேற்பட்ட சூட்டுக்கும் திறக்கிறது.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், நொச்சி ஒத்தடத்தில் சூடு இருக்கிறது, எண்ணெய் இருக்கிறது, தேய்க்கும் கை இருக்கிறது, மணம் இருக்கிறது. இலை இதில் ஒரு பங்கு. எலிக்கு வாய்வழியாகக் கொடுத்த ஆல்கஹால் சாறு இதில் எதையும் சோதிக்கவில்லை. ஒத்தடத்தைச் சோதிக்க வேண்டுமென்றால் ஒத்தடத்தைத்தான் சோதிக்க வேண்டும். செலவு குறைவான, எலி ஒன்றும் சாக வேண்டாத ஆய்வு அது. நம் சித்த மருத்துவக் கல்லூரிகள் இதை நிறையச் செய்ய வேண்டும் என்பது என் ஆசை.

அதுவரை வீட்டில் ஒத்தடம் கொடுப்பதில் தவறில்லை. சர்க்கரை நோயால் காலில் உணர்ச்சி மங்கியவர்களுக்கு மட்டும் சூட்டை வேறொருவர் கையில் தொட்டுப் பார்த்துக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் தோல் வெந்தது தெரியாமலே போகும். கஷாயமாக உள்ளே சாப்பிடுவதைக் கர்ப்பிணிகளும், ஈரல், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், வேறு மருந்து தொடர்ந்து எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் செய்யக் கூடாது. ஒரே ஒரு மூட்டு திடீரென்று வீங்கிச் சிவந்து, காய்ச்சலும் வந்தால் ஒத்தடத்தில் நேரத்தைப் போக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மூட்டுக்குள் சீழ் பிடித்திருக்கலாம்.

ஒத்தட ஆய்வு எப்படி இருக்க வேண்டும்? முழங்கால் தேய்மானம் உள்ளவர்கள் இரண்டு குழு. ஒரு குழுவுக்கு விளக்கெண்ணெயில் வதக்கிய நொச்சி முடிச்சு, மற்றதற்கு அதே விளக்கெண்ணெயில் வதக்கிய, மருந்தாக யாரும் பயன்படுத்தாத ஓர் இலையின் முடிச்சு. இரண்டின் சூட்டையும் வெப்பமானியில் பார்த்துச் சமமாக வைக்க வேண்டும். அதே கை, அதே நேரம், அதே அழுத்தம். மணத்தை மறைப்பதுதான் பெரிய சிக்கல். நொச்சி வாடை நம்மவர்களுக்குத் தெரியாமல் இருக்காது. அறையில் இரண்டு குழுவுக்கும் பொதுவாக நொச்சி ஆவியைப் பரப்பிவிடலாம். வலிக் கோட்டில் குறி வாங்குபவர் அந்த அறைக்குள் வராமல், ஒத்தடம் முடிந்து கால் துடைக்கப்பட்ட பிறகு அடுத்த அறையில் வாங்க வேண்டும்.